சங்கனூர்ப் பள்ளத்தின் வெள்ளம் தடாகத்தில் தொடங்குகிறது

2025 ஜனவரியில் கோவை சங்கனூரில் பள்ளத்தின் கரையில் நின்ற ஒரு மாடி வீடு அப்படியே சரிந்து விழுந்த காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பள்ளத்தை அகலப்படுத்தித் தடுப்புச் சுவர் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்த இடம் அது. கரையோரம் மண்ணை எடுத்ததும் வீட்டின் அடிமானம் பிடிமானம் இழந்தது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை.

அதற்குப் பிறகு எங்கே போனாலும் இதே பேச்சுதான். பள்ளத்தை ஒட்டி வீடு கட்டியவர்கள் மேல் தப்பா, பக்கத்தில் வீடு இருக்கிறது என்று தெரிந்தும் தோண்டியவர்கள் மேல் தப்பா? இந்த வழக்கில் நான் யார் பக்கமும் நிற்கப் போவதில்லை. எனக்கு ஊர் ஆனைகட்டி. சங்கனூர் வெள்ளத்தில் ஆனைகட்டிக்காரருக்கு என்ன அக்கறை என்று கேட்டால், எங்கள் சாலையோரம் பிறக்கிற தண்ணீர்தான் அங்கே போய் வீட்டுக்குள் நுழைகிறது என்பேன். அந்தத் தண்ணீரை மேலேயே என்ன செய்யலாம் என்று யாரும் பேசக் காணோம். அதைப் பேசத்தான் இந்தப் பதிவு.

ஆனைகட்டியில் பஸ் ஏறினால் மலை வளைவுகளில் இறங்கி முதலில் மாங்கரை. பிறகு சின்னத்தடாகம், கணுவாய், அப்புறம் நகரம். அந்த மலைச்சரிவுகளில் கிழக்கே விழும் மழை சின்னச் சின்ன ஓடைகளாகத் தடாகம் பள்ளத்தாக்கில் இறங்கி ஒன்றுகூடி, ஊருக்குள் வந்ததும் சங்கனூர்ப் பள்ளமாகிறது. கவுண்டம்பாளையம், ரத்தினபுரி, சித்தாபுதூர், புலியகுளம் என்று வீடுகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போய், சிங்காநல்லூர்ப் பக்கம் நொய்யலைத் தேடுகிறது. அதே மலையின் எங்கள் பக்கம் விழும் மழை கொடுங்கரைப் பள்ளத்துக்குப் போகிறது. ஆனைகட்டியில் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் எல்லையே அந்தப் பள்ளம்தான். இந்தக் கரை கோவை மாவட்டம், அந்தக் கரை பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி. கொடுங்கரைத் தண்ணீர் பவானியில் சேரும். பவானியும் நொய்யலும் கடைசியில் காவிரிக்குத்தான் போகின்றன. ஒரே மலையில் பிறந்த இரண்டு பள்ளங்களுக்கும் இந்த முப்பது வருடத்தில் நேர்ந்தவை வேறு வேறு.

கோவை மழை குறைந்த ஊர். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்தால் இங்கே அதில் பாதிதான். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சாயங்கால இடிமழையாக ஒரு சில மணி நேரத்தில் கொட்டிவிடும். வருடத்தில் பத்து மாதம் பள்ளத்தில் சாக்கடைத் தண்ணீர் மட்டும் நூலாக ஓடும். அதைப் பார்க்கிற யாருக்கும் இது ஆறு என்று தோன்றாது. வாடகை கொடுக்க முடியாதவர்கள் கரையில் குடிசை போட்டார்கள், குடிசை ஓட்டு வீடானது, ஓட்டு வீடு மாடி வீடானது. மின் இணைப்பும் வீட்டு வரி ரசீதும் கிடைத்த பிறகு, இது நம் இடம்தான் என்று நம்புவதில் என்ன அதிசயம்? பிறகு ஒரு மழை வரும். 2024 அக்டோபரில் வந்த மழையில் சிவானந்தா காலனி ரயில் பாலத்தடியில் பயணிகளோடு ஒரு பேருந்தே தண்ணீரில் சிக்கி நின்றது.

மழை அப்போதும் பெய்தது, இப்போதும் பெய்கிறது. மாறியது நிலம். தடாகம் பள்ளத்தாக்கில் செங்கல் சூளைகளுக்காகச் செம்மண்ணை எடுத்த விதத்தை அந்தச் சாலையில் போகிற எல்லோரும் பல வருடம் கண்ணால் பார்த்தோம். பட்டா நிலம், புறம்போக்கு, ஓடைக்கரை என்ற பேதமே இல்லாமல் தோண்டினார்கள். தென்னைகளும் மின்கம்பங்களும் தனித்தனி மண் தூண்களின் மேல் நிற்கிற அளவுக்குச் சுற்றிலும் பறித்தார்கள். ஓடைகள் சில இடத்தில் திசை மாறின, சில இடத்தில் காணாமலே போயின. ஊர்க்காரர்கள் உயர் நீதிமன்றம் வரை போய்ப் போராடிய பிறகு, 2021 மார்ச்சில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட சூளைகள் மூடப்பட்டன. சூளைப்புகை நின்றது. ஆனால் மண் போனது போனதுதான். மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல விடவேண்டிய மேல்மண்ணே அதுதான். அதைத் தாண்டி வந்தால் கணுவாயிலிருந்து நகரம் வரை வீட்டுமனைகளும் தார்ச்சாலையும் சிமெண்டு முற்றங்களும். இவற்றில் விழும் மழை நிற்க இடமில்லாமல் நேராகப் பள்ளத்துக்கு ஓடிவிடுகிறது. முன்பு ஒரு பொழுதில் வந்த தண்ணீர் இப்போது ஒரு மணி நேரத்தில் வந்து சேர்கிறது. வெள்ளம் என்பது தண்ணீரின் அளவைப் பொறுத்தது மட்டும் கிடையாது. எவ்வளவு நேரத்தில் வந்து சேர்கிறது என்பதையும் பொறுத்தது.

சரி, என்னதான் செய்யலாம்? பேச்சில் முதலில் வருவது சுவர். மேட்டுப்பாளையம் சாலைக்கும் சத்தி சாலைக்கும் இடைப்பட்ட இரண்டு கிலோமீட்டர் சொச்சத்துக்கு மாநகராட்சி எடுத்திருக்கும் வேலை இதுதான். சுவரைப் பொத்தாம்பொதுவாகத் திட்ட நான் தயாராக இல்லை. கரையில் குழந்தையும் குட்டியுமாக ஒரு குடும்பம் இருக்கிறபோது, கரை அரிக்காமல் ஒரு சுவர் தாங்கிப் பிடிப்பது உயிர் காக்கிற வேலை. வளைவுகளின் வெளிக்கரையில் தண்ணீர் வந்து மோதும். அங்கே சுவரில்லாமல் முடியாது. ஆனால் பள்ளம் முழுக்க இரு புறமும் சுவர் எழுப்பி, அடியிலும் காங்கிரீட் போட்டுவிட்டால் தண்ணீருக்கு உரசல் இல்லாமல் போகும், வேகம் கூடும். சுவர் முடிகிற இடத்தில் இருப்பவர்களுக்கு முன்னைவிட அதிகத் தண்ணீர் முன்னைவிட விரைவாக வந்து சேரும். சத்தி சாலைக்கு மேலே இருப்பவர்கள் தப்பித்து, கீழே புலியகுளத்திலும் ராமநாதபுரத்திலும் இருப்பவர்கள் மூழ்கினால் அதை வெள்ளத்தடுப்பு என்று எப்படிச் சொல்வது? அடியில் காங்கிரீட் போட்டால் கரையோரக் கிணறுகளுக்கும் ஆழ்குழாய்களுக்கும் கிடைக்கிற ஊறலும் நின்றுவிடும். மே மாதம் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நிற்கிற ஊரில் இதைச் செய்யலாமா?

தூர்வாருவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வருடா வருடம் மழைக்கு முன் செய்தே ஆகவேண்டும். அள்ளிய சேற்றையும் ஆகாயத்தாமரையையும் கரையிலேயே குவித்துவிட்டுப் போனால் முதல் மழையில் திரும்ப உள்ளே வந்துவிடும். சிறிய பாலங்களும் அப்படித்தான். பல இடத்தில் பள்ளத்தைக் குறுக்குவது பாலத்தின் கண்கள்தான். இரண்டு கண் இருக்கிற தரைப்பாலத்தில் ஒரு கண்ணைப் பிளாஸ்டிக்கும் மெத்தையும் அடைத்துக்கொண்டால் அதற்கு மேலே இருக்கிற தெரு முழுக்க நீர்த்தேக்கம். கிலோமீட்டர் கணக்கில் சுவர் கட்டும் பணத்தில் சிறு பகுதியைக்கொண்டு இந்தப் பாலங்களைத் தூண் இல்லாத அகலப் பாலங்களாக மாற்றலாம். திறப்பு விழாவுக்கு எடுப்பாக இருக்காது, பலன் அதிகம்.

பள்ளத்தை அகலப்படுத்துவதுதான் மனசைப் பிசைகிற விஷயம். தண்ணீருக்கு அதன் இடத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று சொல்வது சுலபம். அந்த இடத்தில் இருப்பது ஒரு தலைமுறையின் சேமிப்பு. கோவையில் இப்படிக் குளக்கரை, பள்ளக்கரைகளிலிருந்து எடுக்கப்பட்ட குடும்பங்களுக்குக் கீரணத்தம், வெள்ளலூர், மலுமிச்சம்பட்டி அடுக்குமாடிகளில் வீடு கொடுத்தார்கள். வீடு வீடுதான், மறுக்கவில்லை. ஆனால் ரத்தினபுரியில் இருந்துகொண்டு காந்திபுரத்துக் கடைகளில் வேலை பார்த்த ஒரு பெண் கீரணத்தத்திலிருந்து விடிகாலை பஸ் பிடித்து எட்டு மணிக்கு வந்து நிற்கவேண்டும். பஸ்ஸுக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் நேரம் ஒத்துவராதபோது விட்டுப்போவது வேலைதான். நான் பேசிய ஒரு அக்கா சொன்னார்: “தண்ணி வருசத்துக்கு ரெண்டு நாள் வரும் கண்ணு, பசி தெனமும் வருமே.” இதற்குப் பதில் சொல்லாமல் அகலப்படுத்துவதைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. என் கருத்து இதுதான்: சுவர் போட்டும் காப்பாற்ற முடியாத, வெள்ளம் மோதும் வளைவுகளில் இருக்கிற வீடுகளை மட்டும் எடுக்கவேண்டும். அந்தக் குடும்பங்களுக்கு நடந்துபோகிற தூரத்தில் வீடு கொடுக்கவேண்டும். நகருக்குள் அரசு நிலம் இல்லாமல் இல்லை. கொடுத்த பிறகுதான் இடிக்கவேண்டும். கரையில் பெரிய வணிகக் கட்டடங்கள் நீட்டிக்கொண்டிருந்தால் அளவு நாடா முதலில் அங்கே போகவேண்டும்.

இதெல்லாம் கீழே செய்யக்கூடியவை. இனி மேலே வருகிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்த மண் அது.

கொடுங்கரைப் பள்ளத்தின் அக்கரையில் இருக்கிற கிழக்கு அட்டப்பாடி மழைமறைவுப் பிரதேசம். மேற்கே முக்காலிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். அங்கிருந்து கிழக்கே வர வர மேகம் வெறுங்கையோடு வரும். இருளர், முடுகர், குறும்பர் வாழ்ந்த மலைகளில் வெளியிலிருந்து வந்தவர்களின் குடியேற்றமும் மரவெட்டும் பெருகி, எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சரிவுகள் மொட்டையாயின. மழை பெய்தால் மண்ணோடு ஒரே பாய்ச்சலாக இறங்கும், அடுத்த வாரம் பள்ளம் காய்ந்து கிடக்கும். கொடுங்கரை ஆண்டின் பெரும்பகுதி வறண்ட பள்ளமாகிப் போனது. இன்றைக்குத் தடாகத்தில் இருப்பது அதே நோய்தான்.

1995-இல் கேரள அரசு அஹாட்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அட்டப்பாடி மலைப்பகுதி வளர்ச்சிச் சங்கத்தை அகளியில் தொடங்கியது. பணம் ஜப்பானின் கடனுதவி. அட்டப்பாடியின் 745 சதுர கிலோமீட்டருக்குமான சூழல் மீட்புத் திட்டம் அது. செய்த வேலையில் பிரம்மாண்டம் எதுவும் இல்லை. மலையுச்சியில் தொடங்கி அடிவாரம் வரை சம உயரத்தில் கல் வரப்புகள், மண் வரப்புகள். ஒவ்வொரு சிற்றோடையிலும் கல்லடுக்குத் தடுப்புகள். அதற்குக் கீழே சிறிய தடுப்பணைகள், கசிவுநீர்க் குட்டைகள். மொட்டைச் சரிவுகளில் மண்ணுக்கேற்ற மரங்கள். இந்த வரிசையை மாற்றக்கூடாது. மேலே மண்ணைப் பிடிக்காமல் கீழே அணை கட்டினால் இரண்டே மழையில் அணை மண்ணால் நிறைந்துவிடும். வேலையை வெளி ஒப்பந்தக்காரர்களிடம் கொடுக்காமல், ஆதிவாசி ஊர்களில் ஊரு விகசன சமிதிகள் என்ற ஊர் வளர்ச்சிக் குழுக்களை அமைத்து அவர்கள் கையாலேயே செய்யவைத்தார்கள். கூலி ஊருக்குள்ளேயே தங்கியது. தான் அடுக்கிய கல் சரிந்தால் எடுத்து வைக்கிற ஆளும் ஊருக்குள்ளேயே இருந்தார். பத்து வருடத்துக்கு மேல் பொறுமையாக நடந்தது. கொடுங்கரையில் மறுபடி தண்ணீர் ஓடத் தொடங்கியது. மழை நின்ற பிறகும் ஓடியது.

இந்த இடத்தில் நேர்மையாக ஒன்று சொல்லியாகவேண்டும். அஹாட்ஸ் வேலை வறட்சிக்காகச் செய்தது, வெள்ளத்துக்காக அல்ல. கொடுங்கரைப் பள்ளத்தின் கரையில் கோவை மாதிரி நகரமும் இல்லை. திட்டம் முடிந்த பிறகு பராமரிப்பு போதவில்லை என்ற குறை அட்டப்பாடியில் இன்றும் உண்டு. அடைமழை பெய்து எல்லாக் குட்டையும் நிறைந்த மறுநாள் இன்னொரு பெருமழை வந்தால் அது கீழே இறங்கத்தான் செய்யும். 2018 ஆகஸ்டில் கேரளம் பட்டது அப்படிப்பட்ட மழையைத்தான். அந்த மழையை எந்தக் கல் வரப்பும் தடுக்காது. ஆனால் சங்கனூரை வருடா வருடம் வதைப்பது அந்த மழை இல்லை. ஒரு சாயங்காலம் ஐந்து, ஆறு சென்டிமீட்டர் கொட்டுகிற சாதாரண ஐப்பசி மழை. அதை மேலே பிடித்து நிறுத்த முடியும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் மொத்தம் 5 கோடி லிட்டர். 50 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழத்தில் ஒரு குட்டை 40 லட்சம் லிட்டர் பிடிக்கும். மண் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காது என்று வைத்துக்கொண்டாலும் பன்னிரண்டு, பதின்மூன்று குட்டைகளில் அந்த மழை அடங்கிவிடுகிறது. மண் குடிக்கும் என்பதால் அதில் பாதி இருந்தாலே கீழே போகிற வெள்ளத்தின் உச்சம் தணியும். ஏற்கெனவே இருக்கிற ஏரிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கணுவாய்த் தடுப்பணையிலிருந்து ராஜவாய்க்கால் வழியாகத் தண்ணீர் வரவேண்டிய சின்னவேடம்பட்டி ஏரி சுமார் 200 ஏக்கர். பல பத்தாண்டுகள் காய்ந்தே கிடந்த ஏரி அது. தன்னார்வலர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் முள்மரம் வெட்டி வாய்க்காலைச் சீர்செய்தார்கள். அந்த 200 ஏக்கரில் ஒரு மீட்டர் ஆழம் தண்ணீர் நின்றால் 80 கோடி லிட்டர். 16 சதுர கிலோமீட்டரில் பெய்யும் 50 மில்லிமீட்டர் மழை மொத்தமும் அதற்குள் அடக்கம். வெள்ள நேரத்தில் ராஜவாய்க்காலின் தலைப்பில் மதகைத் திறந்துவிடுகிற ஏற்பாடு சரியாக இருந்தால், ரத்தினபுரிக்குப் போகிற தண்ணீரில் ஒரு பங்கு வறண்ட ஏரிக்குப் போகும்.

தடாகத்துச் சூளைக்காரர்கள் விட்டுப்போன குழிகளையும் யோசிக்கவேண்டும். எல்லாக் குழியும் உதவாது. செங்குத்தாகக் கிடக்கிற குழி மழையில் சரியும், யானைக்கும் மாட்டுக்கும் ஆபத்து. ஓடையை ஒட்டி இருக்கிற குழிகளைத் தேர்ந்தெடுத்து, ஓரங்களைப் படிப்படியாகச் சரிவாக்கி, ஓடையிலிருந்து உள்ளே தண்ணீர் வர ஒரு வழியும், நிறைந்தால் திரும்ப ஓடைக்கே போகக் கலிங்கும் அமைத்தால் அவை ஆயத்தக் கசிவுநீர்க் குட்டைகள். மீதியை மூடவேண்டும். காணாமல் போன ஓடைகளைப் பழைய வருவாய் வரைபடங்களைப் பார்த்து மறுபடி வெட்டிக் கல் நடவேண்டும். தடாகம் யானைகள் நடமாடும் வழி என்பதால் வேலி, தார்ச்சாலை, விளக்கு என்று பூங்காவாக்கக் கூடாது. ஆனைகட்டியிலேயே சலீம் அலி பறவையியல் மையம் இருக்கிறது. கானுயிர்களைப் பல வருடமாக ஆராய்கிறவர்கள். எங்கே குட்டை வேண்டும், எங்கே கூடாது என்று அவர்களிடமும் கேட்டுவிட்டுத் தொடங்கலாம்.

வெள்ளத்துக்கு இடம் விடுவது ஏழை நாட்டுக்காரர்களின் சமாளிப்பு என்று யாராவது நினைத்தால் யோகோஹாமாவைப் பார்க்கச் சொல்வேன். அங்கே ட்சுருமி என்றொரு புறநகர் ஆறு. 1958-இல் அதன் வடிநிலத்தில் பத்தில் ஒரு பங்குதான் ஊர், இன்றைக்கு ஏறக்குறைய 85 விழுக்காடு ஊர். வெள்ளம் தாளாமல் போனபோது கரைச்சுவரை மட்டும் உயர்த்திக்கொண்டே போகாமல், மேலே குன்றுகளில் நிலத்தையும் குளங்களையும் காத்து, கீழே 39 லட்சம் கன மீட்டர் பிடிக்கிற வெள்ளத்தாங்கல் ஒன்றை 2003-இல் இயக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். மற்ற நாட்களில் அது பூங்கா, விளையாட்டுத் திடல். உள்ளே ஒரு பெரிய விளையாட்டரங்கமே தூண்களின் மேல் நிற்கிறது. 2019 அக்டோபரில் ஹகிபிஸ் புயல் வந்த இரவில் அந்தத் தாங்கல் 9 லட்சம் கன மீட்டருக்கு மேல் தண்ணீரை வாங்கி வைத்துக்கொண்டது. மறுநாள் அதே அரங்கில் ஜப்பானும் ஸ்காட்லாந்தும் ரக்பி உலகக் கோப்பைப் போட்டி ஆடின. சிங்கப்பூரில் பீஷான் பூங்கா ஓரம் 2.7 கிலோமீட்டர் நேர்கோட்டுக் காங்கிரீட் கால்வாயை உடைத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் மண்கரை ஆறாக 2012-இல் மாற்றினார்கள். நிறையப் பணம் உள்ள ஊர்களே காங்கிரீட்டிலிருந்து திரும்பி வருகின்றன.

தடையாக இருப்பது தொழில்நுட்பம் இல்லை. மலை வனத்துறையிடம், ஓடை வருவாய்த்துறையிடம், தடுப்பணை நீர்வளத்துறையிடமும் ஊராட்சியிடமும், பள்ளம் மாநகராட்சியிடம். சங்கனூரில் வெள்ளம் வந்தால் மாநகராட்சி ஆணையரைக் கேள்வி கேட்கிறோம். தடாகத்தில் ஓடை மறைந்ததற்கு அவர் பொறுப்பாளி இல்லை. பொறுப்பில் இருந்தவர்களைக் கேட்க, கீழே மூழ்குகிறவர்களுக்குத் தோன்றவே இல்லை. மலை முதல் நொய்யல் வரை மொத்தப் பள்ளத்துக்கும் ஒரே திட்டம், அதற்கு மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஒரே குழு என்று வைத்தால்தான் இது நடக்கும்.

எந்த வரிசையில் செய்வது என்று என்னைக் கேட்டால், முதலில் தடாகத்து ஓடைகளும் குட்டைகளும், கூடவே ராஜவாய்க்காலும் சின்னவேடம்பட்டி ஏரியும். அதே சமயத்தில் நகருக்குள் குறுகிய பாலங்களை மாற்றுவதும், வீட்டுச் சாக்கடையைப் பள்ளத்தில் விடாமல் குழாயில் கொண்டுபோவதும். சுவர், மோதும் வளைவுகளிலும் வீட்டோரங்களிலும் மட்டும். அடியில் மண் அப்படியே இருக்கட்டும். வீடுகளை எடுப்பது கடைசி, அதுவும் பக்கத்திலேயே மாற்று வீடு கொடுத்த பிறகு. மேலே வேலை பலன் தர நாலைந்து வருடம் ஆகும் என்பது உண்மை. சுவர் ஒன்றரை வருடத்தில் கண்ணுக்குத் தெரியும். ஆனாலும் முதலில் தொடங்கவேண்டியது மெதுவாகப் பலன் தருகிற வேலையைத்தான். தள்ளிப்போட்டால் அது எப்போதும் நடக்காது.

தடாகம் பள்ளத்தாக்கு ஊராட்சிகளில் இருக்கிறவர்கள் அடுத்த கிராம சபைக்குப் போங்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்றும் கிராம சபை உண்டு. உங்கள் ஊர் எல்லைக்குள் வருவாய் வரைபடத்தில் இருக்கிற ஓடைகள் எத்தனை, தரையில் இருக்கிறவை எத்தனை என்று அளந்து சொல்லத் தீர்மானம் போடச் சொல்லுங்கள். ரத்தினபுரியிலும் சங்கனூரிலும் இருக்கிறவர்கள் அந்தத் தீர்மானத்தின் நகலை வாங்கி உங்கள் மாமன்ற உறுப்பினரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.